எல்லையில் இருந்து சட்டக் கல்லூரிக்கு: சேர்வது, தீர்ப்பு படிப்பது, தமிழில் எழுதுவது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சட்டம் படிக்கப் போகிறார்கள். பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் ப்ளஸ் டூவுக்குப் பாலக்காட்டுச் சித்தூரோ பொள்ளாச்சியோ என்று படித்தவர்கள். வீட்டில் வக்கீல் யாரும் கிடையாது. எந்தக் கோர்ஸ், எந்தத் தேர்வு, என்ன சர்டிபிகேட் என்று கேட்க ஆளில்லாமல் ஒரு வருஷம் வீணாகப் போவதும் உண்டு. சேர்ந்த பிறகு அதைவிடப் பெரிய திண்டாட்டம் காத்திருக்கிறது. கையில் நாற்பது பக்க ஆங்கிலத் தீர்ப்பு இருக்கும், செல்போனில் அதைப் பற்றி நாலு விதமான செய்தி இருக்கும், எதை நம்புவது என்று தெரியாது.

அட்மிஷன் விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பைப் படிப்பதற்கும் அதைப் பற்றி எழுதுவதற்கும்தான் அதிக இடம். அட்மிஷன் விவரம் ப்ராஸ்பெக்டஸில் கிடைத்துவிடும். தீர்ப்பை எப்படிப் படிப்பது என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருபவர்கள் குறைவு.

எந்தப் படிப்பு

ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு: பி.ஏ. எல்.எல்.பி., பி.பி.ஏ. எல்.எல்.பி., பி.காம். எல்.எல்.பி. என்று வரும். ஏற்கெனவே டிகிரி முடித்தவர்களுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. இரண்டுக்கும் வக்கீல் தொழிலில் மதிப்பு ஒன்றுதான். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ப்ளஸ் டூவிலோ டிகிரியிலோ பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும்.

சட்டத்தின் மேல் உறுதியான ஆசை இருந்தால் ஐந்தாண்டு நல்லது. வீட்டில் இன்னும் முடிவாகவில்லை, பணமும் இழுபறி என்றால் பக்கத்துக் கல்லூரியில் ஒரு டிகிரியை முடித்துவிட்டு மூன்றாண்டுக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலமும் வயதும் கொஞ்சம் முதிர்ந்திருக்கும். ஒன்றில் மட்டும் ஏமாந்துவிட வேண்டாம். தபால் வழியில் படித்த எல்.எல்.பி.யை வைத்து வக்கீலாகப் பதிய முடியாது. ப்ளஸ் டூ போன்ற அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாக ஓப்பன் யூனிவர்சிட்டியில் டிகிரி வாங்கியவர்களுக்கும் சட்டப் படிப்பில் இடம் கிடையாது.

எங்கே படிக்கலாம்

கேரளத்துக்குள் என்றால் திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு என நான்கு அரசு சட்டக் கல்லூரிகள். பாலக்காட்டுக்காரர்களுக்குப் பக்கம் திருச்சூர் அய்யந்தோளில் இருப்பது. இவற்றிலும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் சேர, நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் கேரள சட்ட நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒன்று, மூன்றாண்டுக்கு ஒன்று எனத் தனித்தனித் தேர்வு. கொச்சிப் பல்கலைக்கழகமான குசாட்டின் சட்டத் துறைக்குத் தனித் தேர்வு. களமச்சேரியில் உள்ள நுவால்ஸ், அதாவது தேசிய மேல்நிலைச் சட்டப் பல்கலைக்கழகம், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்ளாட் வழியாக மட்டும் மாணவர்களை எடுக்கிறது.

க்ளாட் சமீப ஆண்டுகளில் டிசம்பர் மாதத்திலேயே நடந்துவிடுகிறது. ப்ளஸ் டூ பொதுத் தேர்வு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் வண்டி போய்விடும். இளநிலைத் தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். எல்லாமே ஒரு பத்தியைப் படித்துவிட்டு விடை சொல்லும் மாதிரி. மனப்பாடம் அங்கே உதவாது. ஒரு வருஷம் தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்தவர்களுக்குத்தான் அது கைகொடுக்கிறது. விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய் என்பதால் யோசித்துப் போடுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் போக நினைப்பவர்களுக்குக் கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரி அருகில் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, மதிப்பெண் தரவரிசைதான். ஆனால் கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்து அங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது. வெளிமாநிலத்தவர் பொதுப் போட்டிக்குள் வருவார்கள். இதைத் தெரியாமல் கட்-ஆஃப் பார்த்து நம்பியிருந்துவிட்டு, கவுன்சலிங்கில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம்.

ஆந்திர எல்லைக்கு ஒரு குறிப்பு. நகரி, புத்தூர், குப்பம், சித்தூர் பக்கத்துத் தமிழர்களுக்கு அங்குள்ள தேர்வு லாசெட். அரசியலமைப்பின் 371-டி பிரிவின் கீழ் 1974-இல் வந்த குடியரசுத் தலைவர் உத்தரவு, இடங்களில் 85 சதவீதத்தை அந்தப் பல்கலைக்கழகப் பகுதியின் உள்ளூர் மாணவர்களுக்கு ஒதுக்குகிறது. வீடு ஆந்திரத்தில் இருந்தும், பள்ளிக்கூடம் மட்டும் திருத்தணியிலோ வேலூரிலோ என்றால், நீங்கள் உள்ளூர் மாணவரா என்ற கேள்வி வரும். விண்ணப்பிக்கும் முன்னாலேயே படித்த ஆண்டுகளைக் கணக்குப் பார்த்து, தாசில்தார் ஆபீஸில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் விஷயம்

எல்லைக்காரர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். கேரளத் தேர்வுக்குக் கேரளீயர் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த இடம் கேரளம் என்று இருந்தால் அந்தப் பக்கமே போதும். ஆனால் நம் ஊரில் பிரசவத்துக்குப் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போவது வழக்கம். அப்படிப் பிறந்த பிள்ளையின் புத்தகத்தில் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர் இருக்கும். அவர்கள் வில்லேஜ் ஆபீஸில் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்க வேண்டும். அக்ஷயா சென்டரில் ஆன்லைனில் போட்டுவிடலாம். ரேஷன் கார்டு, அப்பா அல்லது அம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், நில வரி ரசீது ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டு ஒவ்வொரு பேப்பரிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். மலையாளத்தில் எழுதிய தமிழ்ப் பெயரை மறுபடி ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து மாறுவது இங்கே சர்வ சாதாரணம்.

மனுவைத் தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம். மொழிச் சிறுபான்மையினர் பகுதியாக அறிவித்த இடங்களில் தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அவசரமான விஷயத்தில் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். உரிமையும் போகாது, காரியமும் தாமதிக்காது.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம். 1950-இல் குடியரசுத் தலைவர் வெளியிட்ட எஸ்.சி. பட்டியல் மாநிலவாரியானது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் இருந்து வந்த குடும்பம் என்றால் கேரளத்தில் எஸ்.சி. சான்றிதழ் மறுக்கப்படுவது அங்கே பல வீடுகளின் கதை. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தாலும் இந்த நிலைமை. இதன் பின்னணியில் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருக்கிறது. 2018-இல் பீர் சிங் வழக்கிலும் அதே அடிப்படையைத்தான் அரசியல் சாசன அமர்வு எடுத்தது. இடம் பெயர்ந்தவர் தன் பட்டியல் சாதி நிலையைப் புது மாநிலத்துக்கு இட ஒதுக்கீட்டுக்காகக் கொண்டுபோக முடியாது என்பது அதன் சாரம். தாத்தா பாட்டி எந்த வருஷம் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள் என்பதற்குக் கம்பெனியின் பழைய பதிவேடு கிடைக்குமா என்று பாருங்கள். 1950-க்கு முந்தைய ஒரே ஒரு தாள் எல்லாவற்றையும் மாற்றிவிடும். சட்டம் படிக்கப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளே, நீங்கள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்புகள் இந்த இரண்டும்தான். உங்கள் வீட்டைப் பற்றியவை அவை.

முதல் வருஷம்

சேர்ந்தவுடன் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம், வாங்குங்கள். கைடு புத்தகம் பிறகு. சட்டத்தின் வாசகத்தை நேராகப் படிக்கிற பழக்கம் முதல் செமஸ்டரில் வராவிட்டால் பின்னால் வருவது கஷ்டம். ஒரு பிரிவை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள், அதன் விளக்கத்தையும் உதாரணத்தையும் விட்டுவிடாமல். பாடவாரியாக 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. தினமும் ஊரிலிருந்து போய் வருபவர்கள் பஸ் நேரத்தை நம்பி முதல் பீரியடைத் தொலைத்துவிட்டால் அந்தப் பாடத்தில் மாட்டிக்கொள்வார்கள். முடிந்தால் ஹாஸ்டல்.

மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதையும் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பும் தேர்வும் ஆங்கிலம் என்றாலும், போலீஸ் ஸ்டேஷன் பேப்பரும் கட்சிக்காரர் பேச்சும் ஆதாரப் பத்திரமும் மலையாளத்தில்தான் இருக்கும். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் தெரிந்த வக்கீலுக்குப் பாலக்காட்டுச் சித்தூர் முன்சிப் கோர்ட்டில் உள்ள மதிப்பு வேறு.

குற்றவியல் சட்டம் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை சொன்ன 302 இப்போது 103. ஊர் வாயில் புழங்கும் 420 இப்போது 318-இன் நாலாவது உட்பிரிவு. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும். ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்குக் கோர்ட்டில் இரண்டும் ஓடும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்தியைப் படிப்பது

சட்டச் செய்தி படிக்காமல் சட்டம் படிக்க முடியாது. லைவ்லா, பார் அண்ட் பெஞ்ச் என்ற சட்டச் செய்தித் தளங்கள் இரண்டும் எல்லா மாணவர்களும் பார்ப்பவை. சுருக்கமாகத் தெரிந்துகொள்ள அவை போதும், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. நாளிதழ்களின் நீதிமன்றச் செய்தியில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, விசாரணையின்போது நீதிபதி வாயால் சொன்னது. ‘நீதிமன்றம் சரமாரிக் கேள்வி’ என்று தலைப்பு வரும். நீதிபதி வக்கீலைச் சோதிக்க எதையும் கேட்பார். அது உத்தரவு ஆகாது, யாரையும் கட்டுப்படுத்தாது. இரண்டாவது, இடைக்கால உத்தரவு. தடை விதித்தார்கள், நோட்டீஸ் அனுப்பினார்கள் என்றால் யாரும் ஜெயிக்கவில்லை, வழக்கு நடக்கிறது என்று மட்டும் அர்த்தம். மூன்றாவதுதான் இறுதித் தீர்ப்பு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது’ என்று வந்தால், உயர் நீதிமன்றம் சொன்ன சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். மேல்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் தள்ளினால் அப்படி ஆகாது. கேட்க மறுத்தார்கள், அவ்வளவுதான். இதைத் தெளிவாக்கிய தீர்ப்பு கேரளத்தில் இருந்து போனதுதான்: குஞ்ஞயம்மது எதிர் கேரள அரசு, 2000. சின்னத் தீர்ப்பு இல்லை, ஆனால் கடைசியில் முடிவுகளை வரிசையாகத் தொகுத்துத் தந்திருக்கிறது. அந்தப் பகுதியையாவது படித்துவிடுங்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஒரே வழக்கை இரண்டு மாநிலத்துப் பத்திரிகையிலும் படிக்கலாம். முல்லைப் பெரியாறு தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 ஆண்டுக்குப் போட்ட குத்தகை. 2006 பிப்ரவரியில் நீர்மட்டத்தை 136-இல் இருந்து 142 அடிக்கு உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து 136 அடிக்கு மேல் கூடாது என்றது. 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று அடித்தது.

தமிழ்ப் பத்திரிகையில் இது 142 அடி கிடைத்த செய்தி. மலையாளப் பத்திரிகையில் அணையின் பாதுகாப்பு பற்றிய பயம். இரண்டும் பொய் இல்லை. ஆனால் தீர்ப்பின் நெஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது: நீதிமன்றம் உண்மைகளை ஆராய்ந்து ஒரு முடிவு சொன்ன பிறகு, அந்த முடிவையே செல்லாததாக்க ஒரு சட்டமன்றம் சட்டம் போடலாமா? கூடாது, அது அதிகாரப் பிரிவினையை மீறுவது என்பதுதான் பதில். இந்தப் பதில் எந்த மாநிலத்துக்கும் பொருந்தும், நாளை தமிழ்நாட்டுக்கு எதிராகவும் பொருந்தும். செய்தியைப் படித்துவிட்டுத் தீர்ப்புக்குப் போனால்தான் இது கண்ணில் படும்.

தீர்ப்பை எங்கே எடுப்பது

காசு கொடுக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் அங்கே இருக்கிறது. மொழிபெயர்ப்பு புரிந்துகொள்ளத்தான், அதிகாரபூர்வமானது ஆங்கில வடிவம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் வருஷத்தில் ஆங்கிலப் பயம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அந்தந்த நீதிமன்றத் தளமும் இ-கோர்ட்ஸ் தளமும். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்களுக்குக் கல்லூரி நூலகத்தில் லாகின் இருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள். கேரள வழக்குகளுக்கு கே.எல்.டி. என்று சொல்லும் கேரள லா டைம்ஸ் தொகுதிகள் அலமாரியில் இருக்கும். ‘2004 (1) கே.எல்.டி. 731’ என்று எழுதியிருந்தால், 2004-ஆம் ஆண்டின் முதல் தொகுதி, 731-ஆம் பக்கம்.

அந்தப் பக்கத்தைத் திறந்தால் நம் ஊர் இருக்கிறது. பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து எதிர் கேரள அரசு. பிளாச்சிமடை வழக்கு. சித்தூர் தாலுகாவில் நடந்த விஷயத்தை இன்று இந்தியா முழுவதும் சுற்றுச்சூழல் சட்ட வகுப்பில் பாடமாக நடத்துகிறார்கள். முதலில் படிக்க இதையே எடுங்கள். களத்தை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

படிக்கும் வரிசை இது. முதல் பக்கத்தில் நீதிமன்றம், நீதிபதி எத்தனை பேர், தேதி. இங்கே கேரள உயர் நீதிமன்றம், ஒரே நீதிபதி, 2003 டிசம்பர் 16. எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று கடைசியில் தெரியும். அடுத்து நடந்தது என்ன. கோகோ கோலா ஆலைக்கு 2000-இல் பஞ்சாயத்து உரிமம் தந்தது. 2002-இல் போராட்டம் தொடங்கியது. 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்கப் பஞ்சாயத்து மறுத்தது. விஷயம் அரசிடம் போய், பிறகு பஞ்சாயத்து உயர் நீதிமன்றப் படியேறியது.

அடுத்துதான் கேள்வி. பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள்: நிலம் கம்பெனியுடையது என்பதால் அடியில் உள்ள நீரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமா? நீதிபதியின் பதில், கூடாது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவலாளி, தனியார் ஒருவர் அளவில்லாமல் உறிஞ்சுவதை அரசும் பஞ்சாயத்தும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதற்கு அவர் எடுத்த ஆதாரங்களில் ஒன்று, கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற பொது நம்பிக்கைக் கோட்பாடு. கேள்வி, பதில், அந்தப் பதிலுக்கான காரணம் மூன்றும் சேர்ந்த பகுதிதான் தீர்ப்பின் உயிர். மற்றதெல்லாம் போகிற போக்கில் சொன்னது. இரண்டையும் வேறு வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதோடு மூடிவைத்துவிடுபவர்கள்தான் அதிகம். தேர்வுத் தாளில்கூட ‘நிலத்தடி நீர் மக்களுடையது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அப்புறம் என்ன நடந்தது? 2005 ஏப்ரலில் அதே உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. நிலத்துக்காரருக்கு நியாயமான அளவு நீர் எடுக்க உரிமை உண்டு என்று சொல்லி, கோழிக்கோட்டு நீர்வள ஆய்வு மையத்தின் அறிக்கையை வைத்து, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆலை 2004-லேயே நின்றுவிட்டிருந்தது. 2017-இல் மறுபடி திறக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனி சொன்னதோடு அங்கே வழக்கு முடிந்தது, கேள்விக்குப் பதில் வராமலே. நஷ்ட ஈட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் போனது.

ஆக, எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு மேல் அமர்வில் நிற்கவில்லை. அதன் கருத்து அருமையானது, அதை ஆதரித்து வாதாடலாம், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அது இன்றைய சட்டம் என்று எழுதினால் தவறு. எந்தத் தீர்ப்பைப் படித்தாலும் மேல்முறையீடு ஆனதா, பெரிய அமர்வு மாற்றியதா, சட்டமே திருத்தப்பட்டதா என்று தேடிப் பார்க்காமல் நோட்டை மூடாதீர்கள்.

தமிழில் எழுதுவது

கல்லூரியில் கேஸ் கமெண்ட், அதாவது ஒரு தீர்ப்பைப் பற்றிய விளக்கமும் விமர்சனமும், எழுதச் சொல்வார்கள், ஆங்கிலத்தில். எழுதுங்கள். அதையே ஒரு பக்கம் தமிழிலும் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் எழுத உட்கார்ந்தால், எது நமக்கே புரியவில்லை என்பது வெளியே வந்துவிடும். அதுமட்டும் இல்லை. எல்லைப்புறத்தில் வாழும் தமிழர்களைத் தொடும் தீர்ப்புகள் தமிழில் விளக்கமாக எழுதப்படாமலே போகின்றன. சென்னைக்கு அது வெளிமாநில விஷயம், கொச்சிக்கு அது சிறுபான்மை விஷயம். நாம்தான் எழுத வேண்டும்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்:

‘பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003-இல் குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. சுற்றியுள்ள கிணறுகள் வற்றுவதாக மக்கள் புகார் சொன்னார்கள். நிலத்தின் சொந்தக்காரர் அடியில் உள்ள நீருக்கும் சொந்தக்காரரா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தனி நீதிபதி இல்லை என்றார். இரண்டு நீதிபதிகள் அமர்வு, நியாயமான அளவுக்கு உரிமை உண்டு என்றது. நியாயமான அளவு எது, அதை யார் அளப்பது என்பதில்தான் இரண்டு தீர்ப்பும் பிரிகின்றன.’

இவ்வளவு போதும் முதல் பத்திக்கு. வாக்கியம் சின்னது, யார் என்ன செய்தார் என்பது தெளிவு, கடைசி வரியில் நீங்கள் பேசப் போகும் விஷயம். அதன் பிறகு உங்கள் கருத்து வரட்டும். நீதிமன்றம் சொன்னது எது, நீங்கள் சொல்வது எது என்று வாசகருக்குக் குழப்பம் வரக் கூடாது. தீர்ப்பின் பத்தி எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பயப்பட வேண்டாம். தீர்ப்பை விமர்சிப்பது குற்றம் இல்லை. 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு நியாயமான விமர்சனத்தைப் பாதுகாக்கிறது. தீர்ப்பின் காரணத்தைத் தாக்குங்கள், நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது. பெயரை மட்டும் மறைத்துவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் கடை என்று எழுதினால் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவைப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லாத வழக்கை இருப்பது போலப் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு அது தந்துவிடும். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித் துறைக்கு இதற்காகவே ஒரு கொள்கை வெளியிட்டு, தீர்ப்பு எழுத இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றது. மூலத்தைத் திறந்து கண்ணால் பார்க்காத எந்த மேற்கோளையும் எழுதாதீர்கள்.

எதைப் பற்றி எழுதுவது என்று தேட வேண்டியதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் சித்தூருக்கு வர வேண்டிய 7.25 டி.எம்.சி. பற்றி ஆண்டுதோறும் சண்டை வருகிறது. 1970-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தை ஆற அமரப் படித்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இரண்டு பக்கத்து விவசாயிக்கும் விளங்கும்படி ஒருவர் தமிழில் எழுதினால் அது பெரிய காரியம். பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரின் 1980-ஆம் ஆண்டு ரத்லம் நகராட்சித் தீர்ப்பு இன்னொன்று. சாக்கடை கட்டப் பணம் இல்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது என்றவர் அவர். ஆங்கிலம் கொஞ்சம் கடினம், இரண்டாம் வருஷத்தில் எடுங்கள்.

வெளியே போவது

ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம், மூன்றாண்டில் 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக நாலு வாரத்துக்கு மேல் கூடாது. எல்லோரும் பெரிய ஊர் நிறுவனங்களுக்கு மெயில் அனுப்புகிறார்கள். முதல் இன்டர்ன்ஷிப்பைத் தாலுகா கோர்ட் வக்கீலிடம் செய்யுங்கள். கேஸ் கட்டைக் கட்டத் தெரிவது, வாய்தா எப்படி வாங்குகிறார்கள், சாட்சி எங்கே தடுமாறுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கல்லூரியின் சட்ட உதவி மையத்தில் கண்டிப்பாகப் பெயர் கொடுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. இது தோட்டத்து லயங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ரேஷன் கடையில் ஒட்டுவதே ஒரு மாணவர் செய்யக்கூடிய நல்ல வேலை.

மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்களின் மாதிரிக் கோர்ட்டில், பேசக் கூச்சமாக இருந்தால், அதற்கு முன் நிஜக் கோர்ட்டைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பரில் இருந்து நேரலையில் வருகின்றன. அதற்கு வழி திறந்த 2018-ஆம் ஆண்டு வழக்கில் மனுதாரர்களில் ஒருவரான ஸ்வப்னில் திரிபாதி அப்போது சட்ட மாணவர்.

படித்து முடித்த பின்

நீதிபதி ஆகும் எண்ணம் இருப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். 2025 மே 20-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, முன்சிப் நிலைத் தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் தொழில் வேண்டும் என்பதைத் திரும்பக் கொண்டுவந்தது. படித்த கையோடு தேர்வு என்ற திட்டம் இனி நடக்காது. அந்த மூன்று வருஷத்துக்கு எந்த சீனியரிடம் இருப்பது என்று கடைசி வருஷத்திலேயே பேசி வைக்கலாம். வக்கீல் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வும் இருக்கிறது, அதைத் தமிழிலும் எழுதலாம். குறிப்பு எழுதாத பேர் ஆக்டை உள்ளே கொண்டுபோக விடுவார்கள். முதல் செமஸ்டரில் வாங்கிய புத்தகங்களில் பேனாவால் கிறுக்கியிருந்தால் அப்போது புதிது வாங்க வேண்டியிருக்கும்.

பதிவுக் கட்டணம் பல்லாயிரம் ஆகும் என்று பயமுறுத்துவார்கள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்வது பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் பதிவின்போது வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரைத் தாள் செலவு ஏதாவது இருந்தால் அது தனி. கவுண்டரில் கூடுதலாகக் கேட்டால் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள்: கௌரவ் குமார் எதிர் இந்திய ஒன்றியம். ஒரு பிரதி பையில் இருக்கட்டும்.